அம்மன் சாய்ந்த பக்கம்

டயர் சீட்டு கிடைச்சிடுச்சேன்னு வருத்தப்படாதீங்க அத்தை. அத்தைன்னு கூப்பிடலாமுங்களா? போன தடவை ஒருத்தரை ஆன்ட்டின்னு கூப்பிட்டேன், சேலம் வரைக்கும் முகத்தை ஜன்னல் பக்கமே வெச்சுக்கிட்டாங்க. காலைத் தூக்கி இந்த மேட்டு மேலே வெச்சுக்கோங்க. கொஞ்சம் குலுக்கும். பின்சக்கரம் நேரா நமக்குக் கீழேதான் ஓடுது.

சரி, ஒரு கேள்வி. இப்ப நம்ம ரெண்டு பேரையும் கீழே இருந்து தாங்குறது எது? டயர்னுதானே சொல்வீங்க? எங்க அக்கா கௌசல்யா இங்கே இருந்திருந்தா மூக்கை இப்படித் தூக்குவாள், போடாத கண்ணாடியை ஒரு தடவை சரி பண்ணுவாள், அப்புறம் ஆரம்பிப்பாள்: "தப்பு. ரப்பர் வெறும் பை. பை வீங்கி வெடிக்காம உள்ளே நூல் அடுக்கு இறுக்கிப் பிடிச்சிருக்கு. உங்களைச் சுமக்கிறது அதுக்குள்ளே அடைபட்ட காத்து. நாம எல்லாரும் காத்து மேலதான் உட்கார்ந்து போறோம்."

அப்படியே அவ குரல்தானுங்க. நீங்க அவளைப் பார்த்ததில்லை, அதனால தெரியாது. பார்த்தா அசந்துடுவீங்க. எங்க ஊரில் நான் எடுக்காத குரல் கிடையாது. அவளைப் பார்க்கத்தான் போறோம், நானும் அம்மாவும். சென்னைக்குப் பக்கத்துல ஒரு டயர் கம்பெனியில வேலை அவளுக்கு. முன் சீட்டுல நீலச் சேலை தெரியுதுங்களா? அதுதான் எங்க அம்மா. வசந்தாமணி. பஸ் ஏறினா போதும், தூங்கிடுவாங்க. பக்கத்துல தவில் வாசிச்சாலும் எழுந்திரிக்க மாட்டாங்க. அதனால தைரியமா சொல்றேன்.

அக்காவை அந்த வேலைக்கு அனுப்பி வெச்சது யாருன்னு நினைக்கிறீங்க? ஊரைக் கேட்டா செல்லாண்டியம்மன்னு சொல்லும். அம்மா, அப்பா, பூசாரி, எல்லாரும் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்காங்க, பாவம். அனுப்பினது நான்தானுங்க. தனி ஆளா. ஒருத்தருக்கும் தெரியாது.

எங்க அப்பா செங்கோட்டுவேல் தேய்ஞ்ச லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டி, வேக வெச்சுக் கொடுக்கிற பட்டறை வெச்சிருக்கார், நாமக்கல் ரோட்டில். அவர் குரல் ரொம்ப சுலபம். ஏர் கம்ப்ரசர் மாதிரி முதல்ல "ம்ம்ம்ம்"னு ஏறணும், நல்லா ஏறின பிறகுதான் வார்த்தை வரும். அக்கா பக்கத்துக் காலேஜில் கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சு, நேரா டயர் கம்பெனியில வேலை வாங்கிட்டு வந்து நின்னாள். அப்பா சொன்னார்: "ம்ம்ம்ம்... டயர் நம்ம கடையிலேயே மலையாட்டம் கெடக்குது. அதைப் பாக்க மெட்ராஸ் போகோணுமாக்கும்?"

"அப்பா, இது பழைய டயர். அங்கே புதுசாச் செய்யறாங்க."

"புதுசு பழசாகி எங்கே வரும்? இங்கேதான் வரும். கொஞ்சம் பொறு, அதுவே உன்னைத் தேடி வந்துடும்."

இப்படிப் பேசுற ஆளை என்ன பண்றது, சொல்லுங்க. அக்கா ரெண்டு நாள் சாப்பிடல. எங்க அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதுங்க அத்தை. ரசம் வெச்சா ரசத்தை மட்டும் பார்ப்பாங்க.

அப்பாவுக்கு அக்கா மேல எவ்வளவு கோபம்னா, அவ சொன்ன கதையை எல்லாம் கடைக்கு வர்ற டிரைவர்கள்கிட்டே கிண்டல் பண்ணுவார். ஒரு நாள் நானே கேட்டேன். முட்டை லாரி டிரைவர் டீ குடிச்சிட்டு நிக்கிறார். அப்பா தொடங்கிட்டார்: "ம்ம்ம்ம்... காத்தடிச்ச டயரை யாரு கண்டுபுடிச்சதுன்னு தெரியுமுங்களா? மாட்டு டாக்டர் ஒருத்தர்னு சொல்லுவாங்க. அதுதான் இல்லைங்கறேன். அவருக்கு நாப்பது வருஷம் முந்தியே ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தோல் உறைக்குள்ள ரப்பர் பூசின துணிப் பையை வெச்சு, காத்தடிச்சு, குதிரை வண்டிக்கு மாட்டிட்டார். வண்டி சத்தமே இல்லாமப் போச்சு. என்ன பிரயோஜனம்? அந்தக் காலத்துல அதை வாங்க ஆளில்லை. உலகமே மறந்து போச்சு. அப்புறந்தான் மாட்டு டாக்டர். அவரு பையன் மூணு சக்கர சைக்கிள் ஓட்டுறான், கல்லு ரோடு, கடகடன்னு ஆட்டுது. இந்த மனுஷன் ரப்பர் குழாயை வளைச்சு, காத்தடிச்சு, சக்கரத்தைச் சுத்திக் கட்டிட்டார். ஊருக்கு உபகாரம்னெல்லாம் நினைக்கலீங்க. எம்புள்ள குலுங்கக்கூடாது, அவ்வளவுதான் நெனப்பு."

டிரைவர், "இதெல்லாம் உங்களுக்கு யாருங்க சொன்னது?"ன்னு கேட்டார்.

"பெரிய பொண்ணு"ன்னு சொல்லிட்டு அப்பா அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். டீ ஆவி பட்டா அவருக்குச் சளி பிடிக்கும்.

இப்ப அம்மன் விஷயத்துக்கு வர்றேன். எங்க காட்டுவேலம்பாளையத்துல நோம்பி அன்னைக்கு, அதான் ஊர்த் திருவிழா, செல்லாண்டியம்மன் சப்பரத்துல வீதி வரும். கல்யாணமோ, கிணறு வெட்டறதோ, காடுகரை விக்கிறதோ, எதுவா இருந்தாலும் அவங்கவங்க வாசலுக்கு வந்ததும் அம்மனை நிறுத்தி உத்தரவு கேட்பாங்க. வலது பக்கம் சாய்ஞ்சா சம்மதம். இடது பக்கம் சாய்ஞ்சா வேண்டாம். சாயாம நின்னா அடுத்த வருஷம் வந்து கேளு. எட்டுப் பேர் தோளில் சுமந்த காலத்துல அம்மன் சும்மா நிக்கவே மாட்டாள். யாருக்காவது தோள் வலிக்கும், யாராவது கள்ளு குடிச்சிருப்பான், அவள் ஏதாவது ஒரு பக்கம் சாய்ஞ்சு வேலையை முடிச்சுக் கொடுத்துடுவாள்.

அப்புறம் சுமக்கிற பையன்கள் எல்லாம் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் போயிட்டாங்க. தூக்க ஆளில்லை. எங்க அப்பாதான் ஒரு பழைய ஜீப் அச்சு, ரெண்டு நல்ல டயர், முன்னாலயும் பின்னாலயும் பிடிச்சுத் தள்ள தண்டு எல்லாம் வெச்சு வண்டி செஞ்சு கொடுத்தார். ஊரே மாலை போட்டது. அம்மன் அந்த வருஷம் வந்தாள் பாருங்க, தயிர்ப் பானை மாதிரி அலுங்காம வந்தாள். ஒரு வாசலில் நிறுத்திக் கேட்டாங்க. சாயல. அடுத்த வாசல். சாயல. ஊர் முழுக்க ஒரு உத்தரவு கூட இல்லை. அடுத்த வருஷமும் அதே மாதிரி. கிணறு வெட்டல, காடு விக்கல, ஆறு கல்யாணம் அந்தரத்துல நிக்குது. "டயருல ஏத்தினது அம்மனுக்குப் புடிக்கல. வாயைத் தொறக்க மாட்டேங்கறா"ன்னு பூசாரி மாரப்பத் தாத்தா சொல்லிட்டார். இது வெத்தலைக் குரல், நாக்கை ஒரு ஓரமா ஒதுக்கிக்கணும்.

அக்கா மட்டும் சிரிச்சாள். "அம்மனுக்கு ஒரு கோபமும் இல்லை. ரெண்டு டயர்லயும் அப்பா சமமா முப்பது பவுண்டு காத்து அடைச்சிருக்கார். சமமா இருந்தா எந்தப் பக்கம் சாயறது?"ன்னாள்.

அப்பா அவளை முறைச்சார். "இதை வெளியே சொல்லி வெக்காதே"ன்னார்.

அப்பேர்ப்பட்டவர், இந்த வருஷம் நோம்பிக்கு முந்தி, பெரிய மனசு பண்ற மாதிரி அக்காவைக் கூப்பிட்டுச் சொல்றார்: "ம்ம்ம்ம்... சரி. நான் குறுக்கே நிக்கல. அம்மன்கிட்டே கேப்போம். உத்தரவு கொடுத்தா நீ போ."

தந்திரத்தைப் பார்த்தீங்களா அத்தை? சாயவே மாட்டாள்னு தெரிஞ்சுகிட்டு! அக்கா எழுந்து உள்ளே போயிட்டாள். கம்பெனியில அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. வேற யாரையாவது எடுத்துடுவாங்க. அவ்வளவுதான், முடிஞ்சது கதை.

அப்பதான் நான் இறங்கினேன்.

திட்டம் ரொம்ப எளிசு. வலது டயர்ல காத்தைக் குறைச்சா அம்மன் வலது பக்கம் சாய்வாள். ஆனா அந்த வண்டியை அப்பா யாரையும் தொட விட மாட்டார். என்னை முக்கியமா விட மாட்டார். ஒரு தடவை அவர் குரல்ல போன் பண்ணி, ஒரு டிரைவரை நாலு டயரையும் கழட்டி வைக்கச் சொல்லிட்டேன். அதுல இருந்து கம்ப்ரசர் பக்கமே விடறதில்லை. என்ன பண்றதுன்னு நான் மண்டையை உடைச்சிக்கிட்டு இருக்கேன், நோம்பி அன்னைக்குக் காலையில அவரே கூப்பிடறார்!

"கனி, அம்மன் வண்டிக்குக் காத்து நீயே பாத்துடு சாமி. எனக்குத் தோளு புடிச்சிருக்குது."

அதிர்ஷ்டம்னா இதுதானுங்க. நான் கிளம்பறேன், பின்னாலயே வந்து சொல்றார்: "வலது பக்க வால்வு கொஞ்சம் லூசு. நடுவுல இருக்கற பின்னைக் குச்சியால அழுத்திட்டா காத்து விறுவிறுன்னு எறங்கிடும். அப்படி எதுவும் பண்ணிடாதே."

எச்சரிக்கை பண்றாராம்! எப்படி இறக்கறதுன்னு எனக்கே சரியாத் தெரியாது. வழியையும் சொல்லிக் கொடுத்து, குச்சின்னு கருவியையும் சொல்லிக் கொடுத்துட்டார், வெள்ளந்தி மனுஷன்.

கொஞ்சமாத்தான் இறக்கினேன். சும்மா ஒரு மரியாதைக்குச் சாயணும், அவ்வளவுதான். அம்மன் இல்லைங்களா?

இடைஞ்சல் எங்கிருந்து வந்தது தெரியுமா? அக்காகிட்டே இருந்து. அவளுக்கு நியாயம்னா பைத்தியம். "கேக்கறதுன்னா நேர்மையாக் கேக்கணும். ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு நான் ஒரு தடவை பார்த்துடறேன்"னு காத்து அளக்கிற கேஜைத் தேடறாள். எனக்கு உயிரே போச்சு. அவளுக்கு முன்னாடி நான் எடுத்து ஒளிச்சுடலாம்னு ஓடினேன். ஆணியில கேஜ் இல்லை. மேஜையில இல்லை. அக்காவும் தேடறாள், நானும் தேடறேன், வீட்டையே தலைகீழாப் புரட்டிட்டோம். அம்மா அசையாம உட்கார்ந்து பூ கட்டிக்கிட்டு இருக்காங்க. அடுத்த நாள் புளிப் பானைக்குள்ளே இருந்து கிடைச்சது. எங்க அம்மாவுக்கு அவ்வளவு மறதி.

பாருங்க, அம்மா தோள் குலுங்குது. ரோடு மோசம் இந்தப் பக்கம்.

சாயங்காலம் அம்மன் வர்றாள், முதல் வாசல் எங்களோடதுதான். தவில் சத்தம் கேட்குது. நாங்க எங்க வாசலில் நிக்கணும். எங்க வாசல் சிமெண்டு போட்டு மட்டமா இருக்கும். அம்மா தாம்பாளத்தைத் தூக்கிட்டு நேரா தண்ணித் தொட்டிப் பக்கம் போய் நின்னுட்டாங்க. அங்கே ரோடு வலது பக்கம் சாக்கடையைப் பார்த்துச் சரியும்.

"அம்மா, நம்ம வாசல் இங்கே இருக்கு."

"இங்கேதான் காத்து வருது. நான் இங்கேயேதான் நிப்பேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பிடிச்ச பிடிதான். டயரைப் பத்தியும் தெரியாது, ரோட்டைப் பத்தியும் தெரியாது. சரி, போகட்டும்னு விட்டுட்டேன்.

அம்மன் வந்து நின்னாள். மாரப்பத் தாத்தா ஊர்க்காரங்க கொடுத்த மாலையை எல்லாம் வாங்கி வாங்கி வலது பக்கமே சாத்தறார். சேலை, தேங்காய், வாழைத்தார் எல்லாம் அதே பக்கம். "தாத்தா, அந்தப் பக்கமும் கொஞ்சம் போடுங்க"ன்னேன். "எடது கையில வாதம் கண்ணு. எட்ட மாட்டேங்குது"ன்னார். பாவம், அன்னைக்குக் காலையில இடது கையால முறுக்கு பிழிஞ்சிட்டு இருந்தார், அதுல பிடிச்சிருக்கும்.

அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு முன்னால வந்தார். புது வேட்டி. அதுல முழங்கால் பக்கத்துல அஞ்சு விரல் தடமும் கறுப்பா அப்பியிருக்கு. நோம்பி நாளில் கூட டயர் அழுக்கு போகாதுங்க அந்த ஆளுக்கு. தோள் பிடிச்சிருக்குன்னு சொன்னவர், "நானே புடிக்கறேன்"னு முன்தண்டுல வலது ஓரத்தைப் போய்ப் பிடிச்சுக்கிட்டார்.

கேட்க வேண்டியது அவர்தான். அப்பதான் எனக்கு ஒரு பயம் வந்தது. "அவ போகாம இருக்கட்டுமா"ன்னு மாத்திக் கேட்டுட்டா? அம்மன் வலது பக்கம் சாய்ஞ்சா, போகாதேன்னு அர்த்தம் ஆயிடும். என் திட்டமெல்லாம் எனக்கே எதிரா வந்து நிக்கும்! தந்திரக்காரர் ஆச்சே, விடுவாரா? நான் கையைப் பிசையறேன். அக்கா எனக்குப் பக்கத்துல நின்னு ரோட்டையே பார்க்கிறாள்.

"ம்ம்ம்ம்..."

ஏறுது. ஏறுது. இன்னும் ஏறுது. தவில் நின்னுடுச்சு.

"தாயே, எம்பொண்ணு கௌசல்யா... வேலைக்குப் போகட்டுமா?"

அப்பாடா! மாத்திக் கேட்கணும்னு அவருக்குத் தோணவே இல்லைங்க. அவ்வளவுதான் அவர் மூளை.

அம்மன் சாய்ந்தாள்.

சாய்ந்தாள்னா, நான் நினைச்ச மாதிரி மரியாதையா இல்லை அத்தை. குடை எகிறித் தவில்காரர் தலையில விழுந்தது. வாழைத்தார் உருண்டு சாக்கடைக்குப் போச்சு. பொம்பளைங்க "ஆத்தா!"ன்னு அலறினாங்க. பத்துப் பேர் ஓடி வந்து தோள் கொடுத்துத் தாங்கினாங்க. மாரப்பத் தாத்தா ரெண்டு கையையும் தூக்கி, வாதம் வந்த கையையும் சேர்த்துத்தான், "உத்தரவு ஆச்சு! உத்தரவு ஆச்சு! தாயே, போதும்! புரிஞ்சுடுச்சு, நிமிரு!"ன்னு கத்தறார்.

அவ்வளவுதான். அம்மன் வாயைத் திறந்துட்டாள்னு ஊரே ஓடி வந்தது. ரெண்டு வருஷமாக் கிடக்கிற கேள்வி எல்லாம் அங்கேயே கொட்டினாங்க. கிணறு வெட்டலாமா? சம்மதம். கந்தாயி அத்தை, எருமையை விக்கட்டுமான்னு கேட்டாங்க. சம்மதம். அவங்க வீட்டுக்காரர் ஓடி வந்து, விக்காம வெச்சுக்கட்டுமான்னார். அதுக்கும் சம்மதம். ஆறு கல்யாணமும் முடிவாச்சு. அதுல ஒரு மாப்பிள்ளைக்கு ரெண்டு இடத்துல முடிவாச்சு.

கூட்டம் கலைஞ்ச பிறகு நான் போய் டயரைப் பார்த்தேன். வலது டயர் ரிம்மைத் தொட்டுக்கிட்டு இருக்கு. நான் அவ்வளவு இறக்கவே இல்லைங்க. இடது டயரைத் தட்டினேன், கல்லு. முப்பதை விட எங்கேயோ மேலே இருக்கு. அதை நான் தொடவே இல்லை. எனக்கே கொஞ்சம் பயமாப் போச்சு. ஒருவேளை அம்மனும் கொஞ்சம் கை கொடுத்திருப்பாளோ என்னமோ. ஆனா யோசனை என்னுது.

அக்காவும் வந்து பார்த்தாள். டயரைப் பார்த்தாள், ரோட்டோட சரிவைப் பார்த்தாள், மாலைக் குவியலைப் பார்த்தாள், அப்பா வேட்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கடைசியா என்னைப் பார்த்தாள். "அடப்பாவிகளா"ன்னாள். சிரிக்கறாளா அழறாளான்னு தெரியல. என் ஒருத்தியை எதுக்குப் பாவிகளான்னு திட்டினாள்னும் தெரியல. அதுக்கு மேலே நியாயம் பேசல. அப்படியே தண்ணித் தொட்டி மேலே உட்கார்ந்துட்டாள். அம்மா அவள் தலையில பூ வெச்சு விட்டாங்க.

அப்பா மட்டும் மனசு மாறவே இல்லைங்க அத்தை. உத்தரவு வந்தாச்சு, வேற வழி இல்லை, அதனால அனுப்பினார். "ம்ம்ம்ம்... அம்மனே சொல்லிட்டா. நான் யாரு?"ன்னார், அவ்வளவுதான். அவ கிளம்பற அன்னைக்கும் நிறுத்தப் பார்த்தார், கேளுங்க.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டு. அக்கா ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாச்சு. டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டார். அப்பாவைக் காணோம். எங்கேன்னு பார்த்தா, கையில ஒரு கல்லை வெச்சுக்கிட்டு பஸ்ஸைச் சுத்தி வர்றார். ஒவ்வொரு டயரையும் தட்டறார், காதை வெச்சுக் கேட்கறார். பின்னால உள் பக்கம் இருக்கிற டயருக்கு, கூட்டத்துக்கு நடுவுல, மண்ணுல படுத்து எட்டித் தட்டறார். எனக்கு மானமே போச்சு.

எழுந்து நேரா டிரைவர்கிட்டே போனார். "பின்னால உள்டயர் ஒண்ணு கொறையுது. காத்து புடிச்சிட்டுத்தான் எடுக்கோணும்."

கண்டக்டருக்குக் கோபம். "டைம் ஆச்சுங்க. நீங்க யாரு? இந்த வண்டியிலயா வர்றீங்க?"

"எம்பொண்ணு வர்றா."

நகரல. வண்டிக்கு முன்னாலயே நின்னுட்டார். பின்னால இருந்த பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்குது. பயணிங்க எல்லாம் கத்தறாங்க. அக்கா தலையை வெளியே நீட்டி, "அப்பா, போதுமப்பா"ன்னு கெஞ்சறாள். கேட்கல. கடைசியில டிரைவர் தலையில அடிச்சுக்கிட்டு வண்டியை ஓரமாக் கொண்டு போய்க் காத்து பிடிச்சார். அப்பா கேஜை டிரைவர் கையில இருந்து வாங்கித் தானே பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொன்னார். அரை மணி நேரம் போச்சு. அம்மன் சொன்ன பிறகும் ஒரு மனுஷன் இப்படி முட்டுக்கட்டை போடுவாரா?

அப்புறம் பஸ் கிளம்பிச்சு. நானும் அம்மாவும் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினோம். அக்கா அழுதுகிட்டே கையாட்டினாள். அப்பா கையாட்டல. தலையைக் கூடத் தூக்கல. பஸ் வளைஞ்சு மெயின் ரோட்டில் ஏறிப் போற வரைக்கும், அக்கா உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே ஓடற அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கிட்டு நின்னார்.

அவ்வளவு கோபம் அத்தை, பெத்த பொண்ணு முகத்தைக் கூடப் பார்க்க மாட்டேன்னுட்டார்.